பேரன் கையில் உளியைத் தராத தாத்தா! - கரிசல் காட்டு ஆசாரிகளின் கதை

கோவில்பட்டியிலிருந்து எட்டயபுரம் பக்கமோ, கழுகுமலைப் பக்கமோ, விளாத்திகுளம் பக்கமோ போகிற வழியில் உள்ள கிராமங்களில் ஐம்பது வயதைக் கடந்தவர்களிடம் கேட்டுப் பாருங்கள். ஊருக்குள் ஒரு வேப்பமரம் இருந்ததையும், அதன் நிழலில் விடிந்ததிலிருந்து பொழுது சாயும்வரை 'டொக்... டொக்...' என்று ஒரு சத்தம் கேட்டுக்கொண்டே இருந்ததையும் சொல்வார்கள். வாய்ச்சி மரத்தில் விழுகிற சத்தம் அது. சுற்றிலும் மரச்சிராய் குவிந்து கிடக்கும். அடுப்பெரிக்க அதை அள்ளிப்போகப் பெண்கள் பெட்டியோடு வருவார்கள். பள்ளிக்கூடம் விட்டதும் பிள்ளைகள் வந்து குத்தவைத்து உட்காருவார்கள். நடுவில் தலைப்பாகையோடு, காதில் பென்சில் துண்டைச் செருகிக்கொண்டு ஒரு மனிதர் வேலை செய்துகொண்டிருப்பார்.

அவர் பெயர் என்ன என்று கேட்டால் பலருக்கும் தெரியாது. 'ஆசாரி' என்பார்கள். கொஞ்சம் மரியாதை தெரிந்தவர்கள் 'ஆசாரியார்' என்பார்கள். பிள்ளைகளுக்கு 'ஆசாரித் தாத்தா'. பேர் சொல்லிக் கூப்பிடத் தேவையே இல்லாமல் ஒரு வாழ்க்கை முழுக்க ஓடியிருக்கிறது. ஊர் தேடி வந்து விலாசம் கேட்கிறவர்களுக்கும் 'ஆசாரி வீடு' என்றால் போதும்.

அந்தத் தாத்தாக்களில் பெரும்பாலானோர் இன்று இல்லை. மிச்சமிருப்பவர்களும் திண்ணையோடு ஒடுங்கிவிட்டார்கள். அவர்கள் என்ன செய்தார்கள் என்பதைப் பேரப்பிள்ளைகளாவது தெரிந்துகொள்ள வேண்டாமா?

ஏர் இருந்தால் ஆசாரி வேண்டும்

கரிசல் பூமி மானாவாரி பூமி. வருஷத்து மழையில் பெரும்பங்கு ஐப்பசி, கார்த்திகையில் வருகிற வடகிழக்குப் பருவமழைதான். அதை நம்பித்தான் பருத்தி, கம்பு, சோளம், உளுந்து, பாசிப்பயறு எல்லாம். மழை விழுந்த நாலு நாளில் நிலம் பதமாக இருக்கும். அந்தப் பதத்தைத் தவறவிட்டால் அந்த வருஷத்து வெள்ளாமை போச்சு.

அதனால் ஆவணி, புரட்டாசி வந்துவிட்டால் ஆசாரி வீட்டு முன்னால் கூட்டம் நிற்கும்.

''மேழி ஆடுது ஆசாரி, ஒரு ஆப்பு வச்சுக் குடும்.''

''நுகத்தடி கீறிப்போச்சு. நாளைக்கு விதைக்கணும்யா!''

கலப்பை ஒன்றுதானே என்று நாம் நினைக்கிறோம். அதில் கையில் பிடிக்கிற மேழி, மாட்டையும் கலப்பையையும் இணைக்கிற ஏர்க்கால், மாட்டின் கழுத்தில் ஏறுகிற நுகத்தடி, மண்ணைக் கிழிக்கிற இரும்புக் கொழுவைத் தாங்கும் அடிக்கட்டை என்று ஒவ்வொன்றுக்கும் ஓர் அளவு உண்டு. ஏர்க்கால் இறங்கும் சாய்வு கொஞ்சம் மாறினாலும் கொழு ஆழமாக இறங்கி மாடு திணறும்; அல்லது மேலாகவே வழுக்கிக்கொண்டு போகும். ஆளின் உயரம், மாட்டின் உயரம் இரண்டையும் பார்த்துத்தான் கலப்பை செய்வார் ஆசாரி. ஒருவருக்குச் செய்த கலப்பையை இன்னொருவர் பிடித்தால் கை ஒத்துவராது.

உழவு முடிந்தால் வேலை முடிந்ததா என்றால் இல்லை. கிணற்றுத் தோட்டம் வைத்திருப்பவர்களுக்குக் கமலை வேண்டும். மாடு பூட்டி நீர் இறைக்கிற அந்த அமைப்பில் வடம் ஓடுகிற உருளை முதல் அதைத் தாங்குகிற மரம்வரை ஆசாரியின் கைதான். வீட்டுக்குள் வந்தால் உரலுக்கு உலக்கை, மோருக்கு மத்து, அரிவாள்மனைக்குப் பலகை, குழந்தைக்குத் தொட்டில் கம்பு. கோயில் தேர் ஓடுகிற ஊர் என்றால் சக்கரத்துக்குக் கீழே சறுக்குக்கட்டை போட்டு, அத்தனை பெரிய தேரைத் திருப்பவும் நிறுத்தவும் ஆசாரிமார் கூடவே நடப்பார்கள்.

கரிசல் மண்ணுக்கு இன்னொரு குணம் இருக்கிறது. மழையில் உப்பும், வெயிலில் பாளம் பாளமாக வெடிக்கும். அதன்மேல் கட்டிய வீடும் அதோடு சேர்ந்து அசையும். மழைக்காலத்தில் கதவு சாத்த வராது. கோடையில் இடுக்கு விடும். 'ஆசாரி, கதவு பிடிக்குது' என்று ஆள் வந்தால் இழைப்புளியைத் தூக்கிக்கொண்டு கிளம்ப வேண்டியதுதான்.

மரம் பார்க்கும் கண்

ஆசாரித் தாத்தாவோடு வெளியில் நடந்துபோன பேரப்பிள்ளைகளுக்கு ஒரு விஷயம் நினைவிருக்கும். அவர் ரோட்டைப் பார்த்து நடக்க மாட்டார். மரத்தைப் பார்த்துக்கொண்டே நடப்பார்.

கலப்பைக்கு நேரான மரம் ஆகாது. இயற்கையாகவே வளைந்த கிளை வேண்டும். நேரான மரத்தை வளைவாகச் செதுக்கினால் மரத்தின் நார் அறுந்துவிடும். முதல் உழவிலேயே முறியும். வளைந்தே வளர்ந்த கிளையில் நாரும் வளைந்தே ஓடும். அதனால் கண்மாய்க்கரைக் கருவேல மரத்தில் எந்தக் கிளை எந்தப் பக்கம் வளைகிறது, இன்னும் எத்தனை வருஷத்தில் அது கலப்பைக்கு ஆகும் என்பது அவருக்குத் தெரியும். 'இது இப்போ வேண்டாம். இன்னும் ரெண்டு மழை பார்க்கட்டும்' என்று விட்டுவிட்டுப் போவார்.

நாட்டுக் கருவேலம்தான் கரிசல் ஆசாரியின் தங்கம். கலப்பைக்கும் வண்டிச் சக்கரத்துக்கும் அதற்கு ஈடில்லை. கதவு, பெட்டிக்குப் பூவரசும் வேம்பும். கூரைக்கு வைரம் பாய்ந்த பனை. வசதியான வீட்டு நிலைக்கதவு என்றால் செங்கோட்டை மரக்கடைகளிலிருந்து தேக்கு வரும்.

பிற்பாடு கண்மாய்களிலும் தரிசுகளிலும் சீமைக் கருவேலம் பரவியது. பெயரில்தான் கருவேலம். கோணல்மாணலாகப் புதர்போல வளரும் அது விறகுக்கும் கரிமூட்டத்துக்கும் ஆகும், கலப்பைக்கு ஆகாது. மரம் தேடி நடந்த தாத்தாக்களுக்குக் கண்ணெதிரே காடாக மரம் இருந்தும், வேலைக்கு ஆகிற மரம் இல்லாமல் போனது.

சக்கரம் செய்வது ஊர்த் திருவிழா

ஆசாரியின் வித்தை முழுக்கத் தெரிவது வண்டிச் சக்கரத்தில். நடுவில் குடம். அதிலிருந்து விரியும் ஆரக்கால்கள். அவற்றைச் சுற்றி வட்டைகள். ஒரு வட்டைக்கு இரண்டு ஆரக்கால் என்று ஆறு வட்டைக்குப் பன்னிரண்டு ஆரக்கால் வைப்பது வழக்கம். ஒன்றில்கூட ஆணி அடிப்பதில்லை. ஒரு மரத்தில் துளை, இன்னொரு மரத்தில் அதற்குள் நுழைகிற முனை. மயிரிழை பிசகினாலும் சக்கரம் ஆடும்.

கடைசியில் இரும்புப் பட்டை போடுகிற நாள்தான் வேடிக்கை. சக்கரத்தின் சுற்றளவைவிடப் பட்டை கொஞ்சம் சிறிதாக இருக்கும். எருவை வட்டமாக அடுக்கித் தீ மூட்டி, பட்டையைப் பழுக்கக் காய்ச்சுவார்கள். சூட்டில் இரும்பு விரியும். தச்சரும் கொல்லரும் இன்னும் நாலு பேரும் இடுக்கியால் தூக்கிவந்து சக்கரத்தின்மேல் இறக்குவார்கள். மரம் பற்றிக்கொண்டு புகையும். உடனே குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றுவார்கள். 'ஸ்ஸ்ஸ்' என்று ஆவி கிளம்ப, இரும்பு சுருங்கி, வட்டையையும் ஆரக்காலையும் குடத்தோடு இறுக்கிப் பிடித்துக்கொள்ளும். மரம் ஒவ்வொன்றாக இறுகும்போது 'கடக் கடக்' என்று சத்தம் வரும். அந்தச் சத்தத்தை வைத்தே சக்கரம் சரியாக வந்திருக்கிறதா என்று சொல்லிவிடுவார்கள்.

பள்ளிக்கூடத்தில் 'உலோகம் சூட்டில் விரிவடையும்' என்று படிப்பதற்கு முன்பே கரிசல் பிள்ளைகள் அதைக் கண்ணால் பார்த்துவிட்டார்கள்.

சித்திரை வெயிலில் சக்கரத்து மரம் காய்ந்து ஆரக்கால் ஆட ஆரம்பித்தால், கழற்றித் தண்ணீரில் ஊறப்போடச் சொல்வார் ஆசாரி. அதற்குக் கூலி கிடையாது. யோசனைக்குக் காசு வாங்குகிற வழக்கம் அவரிடம் இல்லை.

களத்தில் அளந்த கூலி

காசே பெரிதாகக் கைக்கு வந்ததில்லை என்பதுதான் உண்மை. உழுகருவிகளுக்கான வேலைக்குக் கூலி தானியமாகத்தான். ஒரு ஏருக்கு வருஷத்துக்கு இவ்வளவு என்று பேச்சு. தை, மாசியில் களத்தில் சோளமும் கம்பும் குவிகிறபோது ஆசாரி சாக்கோடு போய் நிற்க வேண்டும். கொல்லர், வண்ணார், நாவிதர் எல்லாரும் அதே களத்தில் நிற்பார்கள். சம்சாரி அள்ளிப் போடுவார். மனமுள்ளவர் படியைக் கும்பலாக அளப்பார். மற்றவர் தலை தட்டி அளப்பார்.

புது வண்டி, வீட்டுக்கு நிலை, கதவு என்றால் தனிக் கூலி. நிலை வைக்கிற அன்று வேட்டி, துண்டு, வெற்றிலை பாக்குத் தட்டில் தட்சணை. அன்று ஒருநாள் ஆசாரிக்குத்தான் முதல் மரியாதை.

மழை பொய்த்த வருஷத்தில்? களமே இல்லை, அளக்க என்ன இருக்கிறது? உழுதவருக்கும் இல்லை, கலப்பை செய்தவருக்கும் இல்லை. ஆனால், விளையாத வருஷத்திலும் கலப்பையைச் சரிசெய்து கொடுத்தாக வேண்டும். அடுத்த வருஷம் மழை வருமே!

இன்னொரு கசப்பும் உண்டு. வயதில் பேரன்போல இருக்கிற சம்சாரி வீட்டுப் பையன் 'என்ன ஆசாரி, வேலை முடிஞ்சுதா?' என்று கேட்பான். தாத்தா எழுந்து நின்று பதில் சொல்வார். பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் சொந்தப் பேரன் அதைப் பார்த்துக்கொண்டிருப்பான். சாதியடுக்கில் தனக்குக் கீழே இருந்தவர்களிடம் அதே ஆசாரி எப்படி நடந்துகொண்டார் என்று கேட்டால், அதுவும் எல்லா ஊரிலும் பெருமைப்படும்படி இருந்ததில்லை. நினைவுகூர்வது என்றால் இதையும் சேர்த்துத்தான் நினைவுகூர வேண்டும்.

மிச்சக் கட்டையில் பேரனுக்கு ஒரு வண்டி

பகல் முழுக்க ஊருக்கு உழைத்த கை, சாயங்காலம் வீட்டுக்கு உழைக்கும். வட்டை அறுத்தது போக மிஞ்சிய துண்டு, கதவுச் சட்டத்தில் கழித்த முனை எல்லாம் ஒரு மூலையில் சேர்ந்திருக்கும். அதிலிருந்துதான் பம்பரம் வரும். கிட்டிப்புள் வரும். பல்லாங்குழிப் பலகை வரும். பேத்திக்குச் சோறு பொங்கி விளையாட செப்புச் சாமான் வரும். ஒருமுழ நீளத்தில் நுகத்தடி, கடையாணியோடு அச்சு அசலாக ஒரு குட்டி மாட்டு வண்டியும் வரும்.

''தாத்தா, எனக்கு மட்டும் சின்னப் பம்பரமா?''

''உன் கை எம்புட்டு இருக்கோ அம்புட்டுத்தான் பம்பரம் இருக்கணும் ராசா. பெருசு வேணும்னா கையைப் பெருசாக்கிட்டு வா!''

எல்லாவற்றிலும் முதலிடம் நடைவண்டிக்குத்தான். மூன்று சக்கரம், பிடித்துக்கொள்ள ஒரு குறுக்குச் சட்டம். பேரன் சுவரைப் பிடித்து நிற்க ஆரம்பித்த அன்றைக்கே தாத்தா மரம் எடுத்துவிடுவார். மூலை முடுக்கெல்லாம் மழுங்க இழைத்து, சிராய் இருக்கிறதா என்று தன் கன்னத்தில் தேய்த்துப் பார்ப்பார். உள்ளங்கை காய்த்துப் போனவருக்குச் சிராய் தெரியாது, கன்னத்துக்குத் தெரியும்.

இன்று கடைகளில் குழந்தையை உள்ளே உட்கார வைக்கிற பிளாஸ்டிக் வாக்கர் விற்கிறது. குழந்தை நல மருத்துவர்கள் பலரும் அதை வேண்டாம் என்கிறார்கள். படியில் உருண்டு விழும் ஆபத்து இருக்கிறது. நடை சீக்கிரம் வருவதும் இல்லை. கனடா நாடு 2004-ம் ஆண்டே அந்த வாக்கர் விற்பனைக்குத் தடை போட்டுவிட்டது. தாத்தாவின் நடைவண்டி வேறு மாதிரி. அதில் உட்கார முடியாது. குழந்தை தன் காலில் நின்று, தானே தள்ளி, தானே விழுந்து எழுந்திருக்க வேண்டும். பக்கத்திலேயே ஒரு பெரியவர் கை நீட்டிக்கொண்டு குனிந்து நடக்க வேண்டும். தாத்தாவுக்கு அதில்தான் சந்தோஷம்.

வாரச் சந்தைக்குக் கோவில்பட்டி போனால் உளி, அரம், ஆணி வாங்குவார். திரும்பும்போது மடியில் கடலைமிட்டாய் இருக்கும். 2020-ல் புவிசார் குறியீடு வாங்கிய அதே கோவில்பட்டிக் கடலைமிட்டாய்தான். பேரப்பிள்ளைகளுக்கு அந்தக் குறியீடெல்லாம் தேவைப்படவில்லை. தாத்தாவின் மடியைத் தொட்டுப் பார்த்தே கண்டுபிடித்துவிடுவார்கள்.

''இது உனக்கு வேண்டாம்யா''

மடியில் உட்கார இடம் கொடுத்த தாத்தா, ஒன்றை மட்டும் பேரனுக்குத் தரவில்லை. உளி.

ஆசைப்பட்டு எடுத்தால் பிடுங்கி வைத்துவிடுவார். 'கையைக் கிழிச்சுக்குவே' என்பது வெளியில் சொன்ன காரணம். உள்ளே இருந்த காரணம் வேறு.

அந்தத் தலைமுறையின் பால்யத்தை நினைத்துப் பார்க்க வேண்டும். 1953-ல் ராஜாஜி முதல்வராக இருந்தபோது, பிள்ளைகள் பாதி நேரம் பள்ளிக்கூடம், மீதி நேரம் பெற்றோரின் தொழில் என்று ஒரு கல்வித் திட்டம் வந்தது. 'குலக்கல்வித் திட்டம்' என்று பெரும் எதிர்ப்பு கிளம்பி, 1954-ல் காமராஜர் முதல்வரானதும் அது கைவிடப்பட்டது. 1956-ல் அவர் மதிய உணவுத் திட்டத்தைத் தொடங்கியது இதே கரிசல் சீமையின் எட்டயபுரத்தில்தான். அன்று பல ஆசாரி வீட்டுப் பையன்களுக்குத் திட்டம் எதுவும் தேவைப்படவில்லை. அப்பாவுக்கு மறுமுனையில் ரம்பம் இழுக்க ஓர் ஆள் வேண்டும். பள்ளிக்கூடம் தானாக நின்றுபோகும். அப்படி நின்றுபோன பையன்தான் பிறகு தாத்தா ஆனார்.

அவர் கண் முன்னால் அடுத்த ஆபத்தும் வந்தது. கோவில்பட்டி வட்டாரம் முழுக்கத் தீப்பெட்டித் தொழில். மழை பொய்த்த பூமிக்கு அதுதான் கஞ்சி ஊற்றியது. வீட்டுத் திண்ணைகளில் பெண்கள் பெட்டி ஒட்டினார்கள்; மரச் சட்டத்தில் குச்சி அடுக்கினார்கள். கூடவே பிள்ளைகளும். விடியும் முன்பே தூக்கக் கலக்கத்தில் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு போக கிராமங்களுக்கு வண்டி வந்த காலம் ஒன்று இருந்தது. குழந்தைத் தொழிலாளர் சட்டம் 1986-ல்தான் வந்தது.

'எம் பேரன் அந்த வண்டியில ஏறக் கூடாது. இந்த மரத்தடியிலயும் உட்காரக் கூடாது' என்று நினைத்த தாத்தாக்கள்தான் உளியை ஒளித்து வைத்தார்கள். தேய்ந்த வாய்ச்சியோடு வருஷம் தள்ளி, பேரனுக்குப் பாலிடெக்னிக் பணம் கட்டினார்கள். பேத்திக்கு டீச்சர் டிரெயினிங் பணம் கட்டினார்கள்.

பக்கத்திலேயே கழுகுமலை. அங்கே ஒரே பாறையை மேலிருந்து கீழாகக் குடைந்து செய்த வெட்டுவான் கோயில், பாண்டியர் காலத்தில், எட்டாம் நூற்றாண்டில் தொடங்கி முடிக்கப்படாமல் நிற்கிறது. ஏன் நின்றது என்பதற்கு ஊரில் ஒரு கதை சொல்வார்கள். சிற்பியான அப்பனுக்கும் மகனுக்கும் தொழிலில் போட்டி. மகன் கை தன் கையைவிட மேலே போய்விட்டது என்ற ஆத்திரத்தில் அப்பன் வீசிய அடியில் மகன் செத்துப்போனான் என்பது கதை. அதே மலையைப் பார்த்து வளர்ந்த ஆசாரித் தாத்தாக்கள், பேரன் பிழைக்க வேண்டும் என்று தொழிலைத் தங்களோடு நிறுத்திக்கொண்டார்கள்.

டிராக்டர் வந்தது; வேப்பமரம் அமைதியானது

மாற்றம் ஒரே நாளில் வரவில்லை. கிணற்றுக்குக் கரன்ட் வந்ததும் கமலை நின்றது. டயர் வண்டி வந்ததும் ஆரக்கால் சக்கரம் நின்றது. இரும்புக் கலப்பையும் அதன் பின்னால் டிராக்டரும் வந்ததும் மேழியும் நுகத்தடியும் பரணுக்குப் போயின. சித்திரை முதல் நாள் பொன்னேர் பூட்டுகிற சடங்கை இன்றும் விடாத கிராமங்கள் இங்கே இருக்கின்றன. மாடு கிடைக்காத சில ஊர்களில் டிராக்டருக்குச் சந்தனம் குங்குமம் வைத்துப் பொன்னேர் ஓட்டுகிறார்கள்.

களத்துக் கூலியும் போனது. தச்சு வேலை தெரிந்த மகன்கள் கோவில்பட்டி, தூத்துக்குடி, சென்னை என்று கட்டட வேலைக்குப் போனார்கள். ரெடிமேட் கதவும் பிளாஸ்டிக் கதவும் வந்தபிறகு அதிலும் பாதி குறைந்தது.

2023 செப்டம்பரில் மத்திய அரசு 18 கைத்தொழில்களுக்காக 'பி.எம். விஸ்வகர்மா' திட்டத்தைத் தொடங்கியது. பட்டியலில் தச்சுத் தொழிலும் இருக்கிறது. குடும்பத் தொழில் என்ற நிபந்தனை கூடாது என்று மறுத்த தமிழக அரசு, சாதி பார்க்காத 'கலைஞர் கைவினைத் திட்டம்' என்று தனியாக ஒன்றைக் கொண்டுவந்தது. அரசுகளுக்கிடையே இன்று நடக்கிற இந்த விவாதம், வேப்பமரத்தடியில் என்றைக்கோ நடந்து முடிந்துவிட்டது. தொழில் வாழ வேண்டுமா, பேரன் வாழ வேண்டுமா என்று கேள்வி வந்தபோது தாத்தா யோசிக்கவே இல்லை.

அதற்கு ஒரு விலை இருந்தது. சக்கரம் செய்யத் தெரிந்த கடைசிக் கை அவருடையதாகிப்போனது.

பேர் எழுதி வையுங்கள்!

கோவில்பட்டிக்குப் பக்கத்து இடைசெவல்காரரான கி.ராஜநாராயணன், இந்த மண்ணின் பேச்சு அழிந்துவிடக் கூடாது என்று 1982-ல் 'கரிசல் வட்டார வழக்குச் சொல்லகராதி'யைக் கொண்டுவந்தார். அவருடைய புகழ்பெற்ற சிறுகதை ஒன்றின் பெயரே 'கதவு'. பிள்ளைகள் தொங்கி ஆடி விளையாடிய வீட்டுக் கதவை, தீர்வை பாக்கிக்காகக் கழற்றிக்கொண்டு போய்விடுகிற கதை. படித்தவர்களுக்கு அந்தக் கதவு மறக்காது. அப்படிப்பட்ட கதவுகளைச் செய்த ஆசாரிகளின் பெயர்தான் எங்கேயும் இல்லை.

உங்கள் பூர்வீக வீட்டில் மரக்கதவு இருக்கிறதா? அதைச் செய்தது யார் என்று ஊரில் உள்ள மூத்தவர் ஒருவரிடம் இந்த வாரமே கேளுங்கள். உங்கள் தாத்தாவே ஆசாரியாக இருந்து, இன்னும் திண்ணையில் உட்கார்ந்திருக்கிறார் என்றால் நீங்கள் அதிர்ஷ்டசாலி. பரணில் கிடக்கிற சாமான்களை அவர் முன்னால் இறக்கி வைத்து ஒவ்வொன்றாகப் பேர் கேளுங்கள். வாய்ச்சி, கொட்டாப்புளி, இழைப்புளி, துரப்பணம், முழக்கோல்... அவர் சொல்லச் சொல்ல செல்போனில் பதிவு செய்யுங்கள். எந்த மரம் எதற்கு ஆகும், எந்த மாதத்தில் வெட்ட வேண்டும் என்று கேளுங்கள். முதலில் 'அதெல்லாம் இப்போ எதுக்குய்யா?' என்பார். பிறகு நிறுத்த மாட்டார்.

ஆயுத பூஜையன்று பல நகரத்து வீடுகளில் லேப்டாப்புக்கும் பைக் சாவிக்கும் பக்கத்தில், பிடி கறுத்துப்போன ஓர் உளி சந்தனப் பொட்டோடு இருக்கிறது. 'அது எதுக்குப்பா?' என்று கேட்கிற பிள்ளைக்கு, 'அது பூட்டன் உளி' என்று சொன்னால் மட்டும் போதாது. அந்தப் பூட்டனுக்கு ஒரு பெயர் இருந்தது. அதையும் சேர்த்துச் சொல்லிவிடுங்கள்.